காலி ஃபிளாஷ்

பிள்ளைகளா, ஹாலில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கும் உங்கள் இருவர் படத்தை வைத்துப் போன வாரம் ஒரு சண்டை நடந்தது. சின்னவன், "இதுல நாந்தேன் நல்லாருக்கேன்" என்றான். பெரியவள், "நீ மூக்க ஒழுக விட்டுக்கிட்டு நிக்கிற" என்றாள். இரண்டுமே உண்மைதான். அப்புறம் பெரியவள் என் பக்கம் திரும்பி, "இத யாருப்பா எடுத்தது? போன்ல எடுத்த மாதிரி இல்லையே" என்று கேட்டாள். நான், "ஒரு பெரியப்பா எடுத்தாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அவர் பேரை எழுதப்போவதில்லை. அவர் வீட்டு ஆட்கள் நம்மைப்போல இதே விளாங்குடியில்தான் இருக்கிறார்கள். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். அது என்ன முறை என்று கேட்காதீர்கள். நம் ஊரில் அது அப்படித்தான்.

கப்பலூர் பைப் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் அங்கே பழைய ஆள். குட்டையான உருவம். யாராவது பேசினால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார். கேட்கிறவர் முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள், "செஞ்சிருவோம்" என்றுவிடுவார். அதுதான் அவர். அவரைப் பற்றி நான் என்ன எழுதினாலும் கடைசியில் அந்த ஒரு வார்த்தையில்தான் வந்து நிற்கும்.

"அண்ணே, நாளைக்கு என் ஷிப்ட்ட மட்டும் பாத்துக்கிறீகளா?"

"செஞ்சிருவோம்."

"அண்ணே, உங்க வண்டி ஞாயித்துக்கெழமை வேணும். பொண்ணு பாக்கப் போறோம்."

"செஞ்சிருவோம் மாப்ள."

அதே ஞாயிற்றுக்கிழமைக்கு அதே வண்டியை வேறொருவருக்கும் சொல்லியிருப்பார். கடைசியில் இருவரையும் சமாதானம் செய்ய, யாரிடமோ இரவல் வண்டி வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, தான் பஸ்ஸில் போவார்.

ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க, ஆழ்வார்புரத்தில் இருந்த அவருடைய அக்கா வீட்டு மொட்டைமாடியில் இடம் கேட்டேன். செஞ்சிருவோம் என்றார். உங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு போனால், மாடிப்படியிலேயே கூட்டம் நெரிகிறது. கம்பெனியில் பாதிப் பேருக்குச் செஞ்சிருவோம் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டு அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணனைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால் அவரும் மதினியும் கீழே தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறார்கள். தன் சொந்த அக்கா வீட்டு மாடியில் அவருக்கு இடமில்லை.

மதினி கீழே இருந்தபடியே என்னைப் பார்த்துக் கத்தினார்: "எனக்குத் தாலி கட்டுறப்ப இன்னொருத்தி பக்கத்துல வந்து கேட்டிருந்தா, அவளுக்கும் செஞ்சிருவோம்னு சொல்லிருப்பாரு தம்பி இந்த மனுசன்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். திட்டு வாங்குவது அவருக்குப் பெரிய காரியமில்லை. எதிரே நிற்கிறவரின் முகம் சுருங்குவதைப் பார்ப்பதைத்தான் அவரால் தாங்க முடியாது.

கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது அவர் வெளியே வந்துவிட்டார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். சென்னையில் வேலை பார்த்த அவருடைய மகள், தான் புதுக் கேமரா வாங்கியதும் பழைய டிஜிட்டல் கேமராவை அப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. "அப்பா சின்ன வயசுல நல்லா போட்டோ எடுப்பீங்களாமே. அம்மா சொன்னாங்க. திரும்ப எடுங்கப்பா. எடுப்பீங்கதானே?" என்று அந்தப் பெண் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். அவர் கேமராப் பையைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சட்டென்று பதில் வராததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். மகள் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம், "செஞ்சிருவோம்மா" என்றார்.

அப்படித்தான் அவர் மறுபடி படம் எடுக்க வந்தார்.

கம்பெனியில் எனக்கு ஞாயிறு விடுமுறை. வாராவாரம் இருவரும் என் வண்டியில் கிளம்பிவிடுவோம். தெப்பக்குளம், ஒத்தக்கடையில் யானைமலை, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட். முதலில் கொஞ்சம் தடுமாறினார். படம் எடுத்ததும் அவருடைய வலது கட்டைவிரல் தானாக ஒரு பக்கமாகத் தள்ளும். அங்கே தள்ளுவதற்கு ஒன்றும் இருக்காது. பழைய கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிமைச் சுற்ற ஒரு லீவர் உண்டு. இத்தனை வருடம் கழித்தும் விரல் அதைத் தேடியது. "இந்த வெரலுக்கு இன்னும் யாரும் சொல்லல மாப்ள" என்று சிரிப்பார்.

கொஞ்ச நாளில் ஆள் மாறிவிட்டார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மலையையும் குளத்தையும் விட்டுவிட்டு ஆட்களையே எடுத்தார். யார் கேட்டாலும் எடுப்பார். பூக்கட்டுகிற அம்மா, கரும்புச்சாறு பிழிகிறவர், வரிசையில் நின்ற ஆட்டோக்காரர்கள் எல்லோரையும் எடுத்தார். ஓர் ஆட்டோக்காரர், "அண்ணே, தலையக் கொஞ்சம் கறுப்பாக்கித் தருவீகளா? எம் பொண்டாட்டி நம்பிருவா" என்றார். இவர் உடனே, "செஞ்சிருவோம்!" என்றார். நரைமுடியைக் கறுப்பாக்க ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாதி நாள் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு விஷயங்கள் எனக்கு அப்போது புரியவில்லை.

ஒன்று, கேமராவின் தலையில் இருந்த ஃபிளாஷ். அது எழும்பாதபடி அதன் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டியிருந்தார். கேட்டால், "ஃபிளாஷ் அடிச்சா மொகம் செத்துப்போகும் மாப்ள" என்பார். இருட்டுக் கடைக்குள்கூட அதை எடுக்கவே மாட்டார். ஆளை வெளிச்சத்துக்கு வரச் சொல்வார்.

இன்னொன்று, பிரிண்ட். யாரை எடுத்தாலும் அவர் கையில் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். மாட்டுத்தாவணியில் எடுத்த ஒரு வாழையிலைக்காரம்மா அடுத்த வாரம் அங்கே இல்லை. விசாரித்து, அலங்காநல்லூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குத் தேடிப்போய்க் கொடுத்தோம். போகிற வழியெல்லாம் நான் முனகினேன். "வாட்சப்புல அனுப்பிவிட்டா முடிஞ்சதுண்ணே. இதுக்கு இம்புட்டுப் பெட்ரோலா?" அவர் பின்னால் உட்கார்ந்தபடி, "எடுத்தா குடுக்கணும். குடுக்க முடியலைன்னா எடுக்கக் கூடாது" என்றார். அவர் கறாராகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான்.

நம் வீட்டுப் படத்தை எடுத்ததும் அந்த மாதங்களில்தான். நீங்கள் ரொம்பச் சின்னப் பிள்ளைகள், ஞாபகம் இருக்காது. சின்னவனுக்கு அன்று சளி. மூக்கைத் துடைத்துவிட நான் போனேன். "விடு மாப்ள, ஒழுகட்டும். பின்னாடி பாத்தா அதுதேன் நல்லாருக்கும்" என்றார்.

தை மாதம். மேலூர்ப் பக்கம் அறுப்பு நடப்பதாக யாரோ சொன்னார்கள். "வயக்காட்டுல ஆளுங்க நிப்பாங்க, வெளிச்சமும் நல்லாருக்கும். போவோமாண்ணே?" என்றேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த லென்ஸை மறுபடியும் துடைத்தார். "மேலூரா..." என்றார். நான் அதைக் கவனிக்கவில்லை. "ஆமாண்ணே, காலம்பறயே கெளம்பிருவோம். வண்டி வேணாம், பஸ்ல போயிருவோம்" என்றேன். அவர், "செஞ்சிருவோம்" என்றார்.

அறுப்பு வயலில் படங்கள் எடுத்துவிட்டு, மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு டீக்கடையில் நின்றோம். தலையில் சின்ன மூட்டையோடு போன ஒரு வயதான அம்மா அவரைப் பார்த்து நின்றார். இரண்டு எட்டு போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"தம்பி... நீங்க மதுரையில இருந்து காதுகுத்துக்கு வந்த போட்டாக்காரத் தம்பிதான?"

அவர் டீ கிளாஸை மேசையில் வைத்தார். "ஆமாக்கா."

"என்னத் தெரியுதா? எம் மகளோட நிக்கவச்சு ஒரு படம் புடிச்சீகளே. பச்சப் பாவாட."

"தெரியுதுக்கா."

"அந்த வருச மழையிலயே போயிட்டா தம்பி. காச்ச வந்து."

"கேள்விப்பட்டேன்க்கா."

அந்த அம்மா மூட்டையை இறக்கி வைத்தார். அவருடைய பார்வை அண்ணன் கழுத்தில் தொங்கிய கேமராவில் இருந்தது. "இது புது மிசினா தம்பி? இப்ப வர்றதெல்லாம் எடுத்த படத்த உள்ளயே வச்சுக்கிருமாம்ல. எம் பேரன் சொன்னான். எம்புட்டு வருசம் ஆனாலும் அழியாதாம். அந்தப் படமும் இதுல கெடக்குமா? கொஞ்சம் பாருங்களேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இது டிஜிட்டல் கேமரா, பழைய படம் இதில் எப்படி இருக்கும் என்று விளக்கப் போனேன். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"இதுல இருக்காதுக்கா. அது வேற கேமரா" என்றார்.

"அப்ப அதுல இருக்கும்ல?"

அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கே கஷ்டப்பட்டுத்தான் கேட்டது.

"வீட்டுல வேற படம் இல்ல தம்பி. அவ மொகம் மறந்துபோச்சு. பெத்தவ இப்படிச் சொல்லக் கூடாது. பாவாட கண்ணுல நிக்கிது. ஓடுறது நிக்கிது. முறுக்கக் கையில வச்சுக்கிட்டுத் திங்கிறது நிக்கிது. மொகத்துக்கிட்ட போனா மட்டும் கலஞ்சுபோகுது. ஒருவாட்டி பாத்துக்கிட்டேன்னா போதும்."

"தேடித் தாரேன்க்கா. செஞ்சிருவோம்" என்றார் அண்ணன். அவருடைய போன் நம்பரை அந்த அம்மா ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார். "எதுக்கும் உங்களதையும் எழுதுங்க தம்பி" என்று என் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

மாட்டுத்தாவணி வருகிற பஸ்ஸில் அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஃபிலிம் கேமராவை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு ரோலில் முப்பத்தாறு படம்தான். அதற்கு மேல் ஒன்றும் விழாது. விசேஷ வீட்டில் ஒருவரிடம்தான் கேமரா இருக்கும். கூட்டமே அவரைப் பிடித்துக்கொள்ளும். "என்னையும் ஒண்ணு எடு, எம் பிள்ளைய ஒண்ணு எடு" என்பார்கள். ரோல் முடிந்துவிட்டது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். "எங்களுக்கு மட்டும் தீந்துபோச்சாக்கும்" என்பார்கள். அதனால் படம் எடுக்கிறவர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். ஃபிலிம் தீர்ந்த கேமராவைத் தூக்கிப் பிடித்து, "சிரிங்க" என்று சொல்லி ஃபிளாஷை மட்டும் அடிப்பார்கள். நிற்கிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள். அப்புறம் கேட்டால், ஃபிலிமைக் கழுவும்போது கெட்டுப்போய்விட்டது என்பார்கள். அதற்குக் காலி ஃபிளாஷ் என்று பேர். எல்லோரும் செய்ததுதான். யார் மனசும் நோகக் கூடாது என்று செய்ததுதான்.

கூட வேலை பார்த்த ஒருவர், மேலூருக்குப் பக்கத்து ஊர்க்காரர், தன் மகனுக்குக் காதுகுத்து வைத்தபோது அண்ணன் அங்கே கேமராவோடு போயிருக்கிறார். அந்த நண்பருக்கு இந்த அம்மா பெரியப்பா மகள். கூலி வேலைக்குப் போகிற குடும்பம். ரோல் முடிந்த பிறகுதான் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். "எம் மகள ஒரு தடவகூட போட்டா புடிச்சதில்ல தம்பி."

"என்ன மாப்ள சொல்றது? லீவரத் தள்ளுனேன். இறுகிப்போய் நின்னுருச்சு. தீந்துபோச்சுன்னு தெரியும். சும்மா அமுக்குனேன். அந்தப் பிள்ள சிரிக்காம நின்னுச்சு. நாந்தேன் 'சிரி பாப்பா'ன்னேன். சிரிச்சுச்சு."

அதன் பிறகு அந்த நண்பர் மூலமாக அந்த அம்மா கேட்டனுப்பும்போதெல்லாம், "கழுவக் குடுத்திருக்கேன்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். பெண் இறந்த செய்தி வந்த அன்று கேமராவைப் பரணில் போட்டிருக்கிறார். அந்த நண்பரும் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். கேட்டனுப்ப ஆளில்லாமல் போயிற்று. நம் அண்ணன் மேலூர்ப் பக்கமே போகவில்லை, நான் கூப்பிடும் வரை.

"சொல்லிருவோம்ண்ணே" என்றேன். "இப்பச் சொன்னா ஒரு நாள் அழுவாக. அதோட போகும்."

"அந்த மொகத்தப் பாத்தேல்ல? நீ சொல்லிருவியா?" என்றார். மதுரை வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

போன் வர ஆரம்பித்தது. "தம்பி, கெடச்சுச்சா?" இவர், "தேடிக்கிட்டிருக்கேன்க்கா" என்பார். ஒரு நாள் அந்த அம்மா பை நிறைய நிலக்கடலையோடு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். மதினிக்கும் அந்த அம்மாவுக்கும் ஒத்துப்போயிற்று. வரும்போதெல்லாம் இருவரும் சமையல்கட்டில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டே பேசுவார்கள். அந்த அம்மா போன பிறகு மதினி ருத்ரதாண்டவம் ஆடுவார்.

"இல்லைன்னு சொல்லித் தொலைங்க. நானே சொல்லவா?"

"வேண்டாம்."

"நல்லதுக்குச் சொல்றேன். அந்தப் பொம்பளைக்கு நீங்க நல்லது செய்யல."

"தெரியும்" என்றார் அவர்.

அப்புறம் அவர் உண்மையிலேயே தேட ஆரம்பித்தார். எடுக்காத ஒரு படத்தை அவர் தேடினார் பிள்ளைகளா. திருப்பூருக்குப் போய் அந்தக் காதுகுத்து ஆல்பத்தை வாங்கிவந்தார். கூட்டத்தில் எங்காவது ஒரு மூலையில் அந்தப் பெண் நிற்காதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஓதம் ஏறி, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பிரித்தால் முகங்கள் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தன. ஃபிலிம் கழுவக் கொடுத்த ஸ்டுடியோவுக்குப் போனோம். அங்கே இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். கடைக்காரப் பையனிடம், "இங்க முன்னால இருந்த நெகட்டிவ் டப்பால்லாம் எங்கப்பா?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தேன்.

ஒரு நாள் காலையில் போன் செய்து, "மாப்ள, ஒடனே வா" என்றார். குரலே வேறு மாதிரி இருந்தது.

பரண் மூலையில் மறந்து கிடந்த பழைய நெகட்டிவ் கவர்களை இறக்கி வைத்திருந்தார். காதுகுத்து ரோல் அதில் இருந்தது. கடைசித் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில், முப்பத்தாறுக்கு அப்புறம், வெட்டுப்பட்ட பாதிக் கட்டம் ஒன்று இருந்தது. அதற்குள் ஏதோ உருவம் தெரிந்தது.

"சில ரோலுல கூட ஒண்ணு விழும் மாப்ள. மறந்தே போனேன். ரோலோட நுனி. லீவரு இறுகுச்சுன்னு சொன்னேன்ல, இறுகுச்சே தவிர சுத்திருச்சு. காலி இல்ல. அது காலி இல்ல!"

போன் திரையை முழு வெள்ளையாக எரியவிட்டு, அதன் மேல் நெகட்டிவை வைத்து, டிஜிட்டல் கேமராவை ஸ்டாண்டில் குப்புறப் பொருத்தி எடுத்தார். அதை என் போனுக்கு மாற்றி, நிறத்தைத் தலைகீழாக்கினோம். வெள்ளை முடி கறுப்பாயிற்று. கறுத்திருந்த முகம் வெளுத்து வந்தது.

அந்த அம்மாதான். இளவயசு. ஒல்லியாக, கண் கூசிச் சிரித்துக்கொண்டு. அவருடைய ஒரு கை பக்கத்தில் ஒரு சின்னத் தோளின் மேல் இருந்தது. பஃப் கை வைத்த சட்டை. பச்சைப் பாவாடையின் ஒரு பக்கம். ஒரு காது. காதுக்குப் பின்னால் ரிப்பன் வைத்த பின்னல். அதோடு படம் முடிந்தது. ஃபிலிமின் நுனி அங்கே வெட்டுப்பட்டிருந்தது. முகம் இருக்க வேண்டிய பக்கத்தில் ஃபிலிமே இல்லை.

அண்ணன் திரையை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நகர்த்தினால் மீதி வந்துவிடும் என்பதுபோல.

மதினி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"குடுக்காதீகண்ணே" என்றேன்.

"எடுத்தது இருக்கு. குடுக்கணும்" என்றார்.

பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேலூரில் இறங்கி அந்த ஊருக்கு மினி பஸ்ஸில் போனோம். அந்த அம்மா வாசலில் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, மறுபடியும் கழுவிவிட்டு வந்து படத்தை வாங்கினார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பாவாடையைத் தொட்டார். காதைத் தொட்டார்.

"காது அவளோடதுதேன்" என்றார். "இந்த ரிப்பன் நான் வாங்கிக் குடுத்தது. ஒத்தக் காலுல நின்னு வாங்கிக்கிட்டா."

அப்புறம் நிமிர்ந்து, முகமெல்லாம் மலர்ந்துபோய்க் கேட்டார்: "மத்தப் பாதி எப்பத் தம்பி வரும்?"

நான் அண்ணனைப் பார்த்தேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். உதடு அசைந்தது. எதிரே அந்த முகம். இத்தனை மாதத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதில் நான் பார்த்ததில்லை.

"வரும்க்கா" என்றார். "செஞ்சிருவோம்."

எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. முட்டை வாங்கிவந்து பொரித்துப் போட்டார். அண்ணன் தட்டில் வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். போதும் என்றுகூட அவருக்குச் சொல்லத் தெரியாது.

திரும்பும்போது நான் அவரோடு பேசவில்லை. கோபம்தான். மினி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் கேமராப் பை. மேலூர் வந்ததும், "மாப்ள, எறங்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டால் வருவார். கேமராவை ஆன் செய்து கண்ணில் வைப்பார். எடுக்காமல் ஆஃப் செய்துவிடுவார். யாராவது, "அண்ணே, ஒரு போட்டோ" என்று கேட்டால் எடுப்பார், மறுக்கமாட்டார். ஆனால் எடுத்ததும் உடனே திரையைப் பார்ப்பார். முகம் இருக்கிறதா என்று பார்ப்பார். நெற்றி, கண், மூக்கு, வாய் என்று விரல் வைத்துப் பார்ப்பார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கொஞ்ச நாளில் கூப்பிடுவதை நானே நிறுத்திவிட்டேன்.

மேலூரில் இருந்து போன் மட்டும் நிற்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் தவறாமல் வரும். போன் அடித்தால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்ப் பேசுவார். மதினி கேட்டுவிடக் கூடாது என்று. "ஆமாக்கா. பாத்துக்கிட்டுத்தேன் இருக்கேன்க்கா." நான் அந்தப் பக்கம் போகும்போது ஒருமுறை காதில் விழுந்தது. "சிரிச்ச மொகம்தேன்க்கா. நல்லாச் சிரிச்சுச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யா நிஜமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

ஆவணிக் கடைசியில் ஒரு காலை, பால் வாங்கிவந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. கம்பெனி ஆட்கள், ஆட்டோக்காரர்கள், பூக்கட்டுகிற அம்மா. பாதிப் பேருக்கு அவர் ஏதாவது ஒன்று செய்துகொடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மதினி அவருடைய போனை அணைத்து பீரோவுக்குள் வைத்துவிட்டார்.

அந்த வருடம் காலாண்டு லீவுக்கு நீங்கள் இருவரும் அம்மாவோடு உசிலம்பட்டி அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தீர்களே, அப்போது ஒரு மத்தியானம் என் போன் அடித்தது. வீட்டில் நான் மட்டும்தான்.

"தம்பி, மேலூரு அக்கா பேசுறேன். அந்தத் தம்பி போன எடுக்கவே மாட்டேங்குறாரே. எம் மேல கோவமா?"

சொன்னேன். அந்தப் பக்கம் அழுகை வந்தது. "அடப் பாவமே. எனக்குச் சொல்ல ஒரு நாதி இல்லையே. நல்ல மனுசன் தம்பி. எத்தன வாட்டி தொந்தரவு பண்ணேன், ஒரு நாள் சலிச்சுக்கிட்டதில்ல." கொஞ்ச நேரம் அழுதுவிட்டு மூக்கைச் சிந்தினார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப மத்தப் பாதிய ஆருகிட்டத் தம்பி கேக்குறது? நீங்க கொஞ்சம் அவரு வீட்டுல தேடிப் பாக்குறீகளா?"

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது எவ்வளவு சுலபமாக வாய்க்குள் வந்து நிற்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"இல்லக்கா" என்றேன். "மத்தப் பாதி இல்ல. எங்கயும் இல்ல. அன்னைக்கே அது விழல. ஃபிலிம் தீந்துபோச்சு."

அந்தப் பக்கம் ஆடு கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"அவரு இருக்குன்னாரே" என்றார்.

"ஆமாக்கா. சொன்னாரு."

"அவரு இருந்திருந்தா எடுத்துக் குடுத்திருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் அந்த அம்மா என்னைக் கூப்பிடவே இல்லை.

நான் கொஞ்ச நேரம் ஹாலில் நின்றேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் உங்கள் பள்ளிக்கூட ஐடி கார்டுகள் தொங்கின. இரண்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. முகம் வெளியே தெரியும்படி இரண்டையும் திருப்பி விட்டேன். பெரியவளுடையது நின்றது. சின்னவனுடையது கயிறு முறுக்கிக்கொண்டு மெல்லச் சுவர்ப்பக்கமே திரும்பிவிட்டது. அதை ஆணியிலிருந்து கழற்றி, கயிற்றின் முறுக்கைப் பிரித்து, நீவி, மறுபடியும் மாட்டினேன்.